உண்டியலுக்கு முன்னால் ஒரு வாக்கு: குழந்தைகளுக்குக் காசும் சேமிப்பும் பழக்குவது எப்படி

குழந்தைக்குச் சேமிப்பைப் பழக்க வேண்டும் என்று தோன்றியதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் ஓர் உண்டியல் வந்து சேரும். முதல் வாரம் வீட்டில் கிடக்கிற சில்லறையெல்லாம் அதற்குள் போகும். குழந்தை குலுக்கிக் குலுக்கிச் சத்தம் கேட்கும். மூன்றாவது வாரம் உண்டியல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். அப்புறம் என்றைக்காவது வீட்டைச் சுத்தம் செய்யும்போது தூசியோடு கைக்கு அகப்படும். எங்கள் வீட்டில் இரண்டு முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறைதான் பழக்கம் நிலைத்தது. அந்த மூன்றாம் முறையில் என்ன மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் மூன்று வயது முதல் ஒன்பது, பத்து வயது வரையிலான பிள்ளைகள் இருந்து, எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இது.

எந்த வயதில் தொடங்கலாம்?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஒயிட்பிரெட், சூ பிங்ஹாம் இருவரும் 2013இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். பெரியவர்களான பிறகு பணத்தை எப்படிக் கையாளுகிறோம் என்பதற்கான அடிப்படைப் பழக்கங்கள் ஏழு வயதுக்குள்ளேயே பெரும்பாலும் உருவாகிவிடுகின்றன என்பது அதன் சாரம். இதைப் படித்துவிட்டு நிறையப் பெற்றோர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. ஏழு வயதுக்குள் வரவு செலவுக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. காத்திருக்கத் தெரிவது, அடுத்து என்ன என்று முன்கூட்டி யோசிப்பது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று போகும் என்று புரிந்துகொள்வது, இவைதான் அந்தப் பழக்கங்கள். இவற்றுக்குக் காசே வேண்டாம். வரிசையில் நிற்பதிலும், விளையாட்டில் தன் முறைக்காகக் காத்திருப்பதிலும்கூட இவை வளர்கின்றன. பிள்ளைக்கு ஏழு வயது தாண்டிவிட்டதே என்றும் கவலைப்பட வேண்டாம். என் மகளிடம் இந்தப் பழக்கம் ஒழுங்காகப் பிடித்தது எட்டு வயதுக்குப் பிறகுதான்.

வயதைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தையின் எண்ணம் நம்முடையதைப் போல ஓடுவதில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே காட்டிய சோதனை ஒன்றை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆறு காசுகளை ஒரு வரிசையாகவும், இன்னொரு ஆறு காசுகளை அதற்கு நேர் கீழே இன்னொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமம் என்று நான்கு வயதுக் குழந்தை சொல்லும். அதன் கண்ணெதிரிலேயே கீழ்வரிசையை மட்டும் கொஞ்சம் அகலப் பரப்புங்கள். இப்போது எதில் அதிகம் என்று கேட்டால், நீளமான வரிசையைத்தான் காட்டும். எண்ணிப் பார்த்தாலும் சில குழந்தைகள் பதிலை மாற்றுவதில்லை. அந்த வயதில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதுதான் அதிகம். அதனால்தான் சின்னக் காசு ஒன்றைவிடப் பெரிய காசு மதிப்புள்ளது என்றும், ஒரு நோட்டைவிட ஐந்து காசுகள் அதிகம் என்றும் அவர்களுக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஆறேழு வயது வரை ஒரே வகைக் காசை மட்டும் பயன்படுத்துங்கள். எல்லாமே ஒரே மதிப்பு, ஒரே அளவு. எண்ணத் தெரிந்தால் போதும், கணக்குப் புரிந்துவிடும். வெவ்வேறு மதிப்புள்ள காசுகளும் நோட்டுகளும் அப்புறம் வரட்டும். மூன்று வயதுக்குக் கீழே உண்மையான காசே வேண்டாம், வாயில் போட்டு விழுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அட்டையில் வெட்டிய பெரிய வட்டங்கள் போதும்.

முதல் படி: சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது

உண்டியல் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பது என்றால் என்ன? இன்றைக்குக் கையில் இருப்பதை விட்டுக்கொடுத்து, நாளைக்கு அது இன்னும் நல்லதாகத் திரும்பி வரும் என்று நம்புவது. அந்த நாளையை நம்ப முடியாத குழந்தை ஏன் காத்திருக்க வேண்டும்?

மிட்டாய்ச் சோதனையைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் சிறு குழந்தைகளிடம் நடத்தியது. மேசையில் ஒரு மார்ஷ்மெல்லோவோ வேறொரு தின்பண்டமோ இருக்கும். உடனே சாப்பிட்டால் ஒன்றுதான். ஆராய்ச்சியாளர் திரும்பி வரும்வரை காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று அவருடைய பின்தொடர் ஆய்வுகள் சொன்னதால், இந்தச் சோதனை மனவலிமைக்கான அளவுகோல் போலப் பேசப்பட்டது. 2018இல் டைலர் வாட்ஸும் அவருடைய குழுவினரும் இன்னும் அதிகமான குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு மிகவும் குறைவாகவே இருந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தபோது இன்னும் சுருங்கியது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் அவருடைய சகாக்களும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு. 28 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். மிட்டாய் கொடுப்பதற்கு முன்னால், படம் வரைய இன்னும் நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று எல்லாக் குழந்தைகளிடமும் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பிரிவுக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். இன்னொரு பிரிவிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் மிட்டாய்ச் சோதனை. சொன்னபடி கிடைத்த குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம். முழுப் பதினைந்து நிமிடமும் காத்திருந்தவர்கள் முதல் பிரிவில் பதினான்கு பேரில் ஒன்பது பேர். இரண்டாவது பிரிவில் ஒரே ஒரு குழந்தை.

இதைப் படித்தபோது எனக்கு என் மகள்தான் கண்முன் வந்தாள். அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஒருநாள் காலை அவசரத்துக்கு அவள் உண்டியலிலிருந்து காசு எடுத்தேன். மாலையே திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன், மறந்துபோனேன். இரண்டு வாரம் கழித்து அவளே திறந்து எண்ணியபோது குறைந்திருந்தது. நான்தான் எடுத்தேன் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "பரவாயில்லம்மா" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அதன் பிறகு அவள் கைக்கு வந்த ஒவ்வொரு காசும் அன்றைக்கே செலவானது. இவளுக்குச் சேமிக்கவே தெரியவில்லையே என்று நானே அங்கலாய்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவள் தன் அனுபவத்திலிருந்து சரியான பாடத்தைத்தான் கற்றிருந்தாள். வைத்தால் போய்விடும், கையில் இருக்கும்போதே அனுபவித்துவிடு.

காசைத் திருப்பிக் கொடுத்து, தப்பு என்னுடையது என்று சொன்ன பிறகும் அந்த நம்பிக்கை திரும்பப் பல மாதங்கள் ஆயின. அதனால் இதைக் கையோடு செய்துவிடுங்கள். பிள்ளையின் காசைக் கேட்காமல் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவெடுங்கள், தாத்தா பாட்டி உட்பட. அவசரத்துக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் பிள்ளையிடம் கேளுங்கள். சரி என்று சொன்னால், எவ்வளவு எடுத்தீர்கள், எந்த நாளில் திரும்ப வரும் என்று ஒரு சீட்டில் எழுதி உண்டியலுக்குள் போடுங்கள். அந்த நாளுக்குத் திருப்பிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எடுக்காதீர்கள். உறவினர்கள் பிள்ளையின் கையில் கொடுக்கும் காசை "நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று வாங்கிக்கொள்கிறோம் அல்லவா, அதையும் ஒரு சிறு நோட்டில் பிள்ளையின் கண்முன்னேயே எழுதுங்கள். வாங்கிக்கொண்ட காசு எங்கே போனது என்று பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காமல் இருக்கலாம். மறப்பதில்லை.

இரண்டாம் படி: காசைக் கண்ணுக்குக் காட்டுவது

இந்தத் தலைமுறைக் குழந்தைகளுக்கு இருக்கும் ஒரு கஷ்டம் நமக்கு இருக்கவில்லை. அவர்கள் காசைப் பார்ப்பதே இல்லை. கார்டைத் தேய்க்கிறோம், போனைக் காட்டுகிறோம், ஒரு சத்தம் வருகிறது, பொருள் வீட்டுக்கு வருகிறது. எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. இது பெரியவர்களையே ஏமாற்றுகிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இருவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மேலாண்மை படிக்கும் மாணவர்களிடம் விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிரெடிட் கார்டில் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் சராசரியாக ஏறக்குறைய இரண்டு மடங்கு தரத் தயாராக இருந்தார்கள். படித்தவர்களுக்கே இப்படி என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மாத உழைப்பு இருப்பது எப்படித் தெரியும்?

அதனால் பிள்ளை கூட வரும்போது வாரத்துக்கு ஒரு முறையாவது கையில் ரொக்கம் எடுத்துப் போங்கள். காசைப் பிள்ளையே கொடுக்கட்டும், மீதியைப் பிள்ளையே வாங்கட்டும். மீதிச் சில்லறை என்பது சின்னக் குழந்தைகளுக்கு ஒரு புதிர். கடைக்காரர் பொருளும் கொடுத்து காசும் கொடுக்கிறாரே, அப்படியானால் காசு கடையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். என் மகன் அப்படித்தான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தான். வாயால் விளக்கினால் இது புரியாது. வீட்டில் கடை வைத்து விளையாடுங்கள். ஒரு பென்சிலுக்கு மூன்று காசு என்று விலை வையுங்கள். பிள்ளை ஐந்து காசு கொடுத்தால், மூன்றை உங்கள் பக்கம் எடுத்து வைத்து, இரண்டைப் பிள்ளையின் பக்கம் தள்ளுங்கள். "இது உன்னுடையதேதான், நீ கூடுதலாகக் கொடுத்துவிட்டாய், அதனால் திரும்ப வருகிறது." பத்து முறை விளையாடினால் பிடிபட்டுவிடும். அப்புறம் பிள்ளை கடைக்காரராகவும் நீங்கள் வாங்க வருபவராகவும் மாறிக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஒரு காசு குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்கும்போது குழந்தையின் முகத்தில் வரும் பெருமைக்காகவே இந்த விளையாட்டை விளையாடலாம்.

ஏ.டி.எம். இயந்திரத்துக்கும் இதே வைத்தியம்தான். அது காசு அச்சடிக்கும் பெட்டி இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது. வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, "நான் வேலைக்குப் போய்க் கொண்டுவந்த இருபது காசு இதில் இருக்கிறது" என்று எண்ணிப் போடுங்கள். ஒரு துளை வழியாக ஐந்தை எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். எல்லாம் எடுத்த பிறகு துளைக்குள் கைவிட்டுப் பார்க்கட்டும். காலியான பெட்டி சொல்வதை நம்மால் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: கைக்காசு

தன் கையில் காசு இல்லாத பிள்ளை சேமிக்கப் பழக முடியாது. ஐந்து அல்லது ஆறு வயதிலிருந்து, வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே தொகை கொடுங்கள். தொகை சின்னதாக இருக்கட்டும். எவ்வளவு என்பது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. ஆனால் பிரிக்க முடிந்ததாக இருக்க வேண்டும். ஒரே நோட்டாகக் கொடுத்தால் முழுதும் செலவு, இல்லாவிட்டால் முழுதும் சேமிப்பு என்ற இரண்டே வழிகள்தான். ஐந்தாறு காசுகளாகக் கொடுத்தால் யோசிக்க இடம் கிடைக்கும். மாதம் ஒருமுறை கொடுப்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது. அவர்களுக்கு ஒரு மாதம் என்பது முடிவே இல்லாத காலம்.

கிழமையை மறக்காதீர்கள். முதல் படியில் சொன்னது இங்கேயும் உண்டு. இரண்டு வாரம் மறந்துவிட்டு மூன்றாவது வாரம் சேர்த்துக் கொடுத்தால், காசு சரியாகிவிடும், பழக்கம் சரியாகாது.

வீட்டு வேலை செய்தால்தான் கைக்காசு என்று வைக்கலாமா? இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் வேண்டாம் என்கிற பக்கம். தன் தட்டைக் கழுவுவதும், பொம்மைகளை எடுத்து வைப்பதும், இந்த வீட்டில் ஒருவராக இருப்பதால் செய்கிற வேலைகள். அதற்கு விலை வைத்தால், காசு வேண்டாத நாளில் வேலையும் வேண்டாம் என்றாகிவிடும். 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் செய்த ஓர் ஆய்வு எனக்கு இதில் துணை. படம் வரைவதில் தானாகவே ஆசையாக இருந்த சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரத்தில் வரைவது மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆசையாகச் செய்தது கூலிக்குச் செய்வதாக மாறிப்போயிருந்தது.

உழைத்துச் சம்பாதிப்பதையும் பழக்க வேண்டுமே என்றால், வழக்கமான வேலைகளைத் தாண்டி வரும் பெரிய வேலைகளுக்கு மட்டும் கூலி பேசலாம். பழைய பொருட்களைப் பிரித்து அடுக்குவது, வண்டியைக் கழுவ உதவுவது மாதிரி. முன்கூட்டியே பேசுங்கள், பேசியதைக் கொடுங்கள். தண்டனையாக மட்டும் கைக்காசை நிறுத்தாதீர்கள். தம்பியை அடித்ததற்கும் காசுக்கும் சம்பந்தம் இல்லை.

நான்காம் படி: டப்பாக்களும் ஒரு படமும்

மூடிய மண் உண்டியலும் உலோக உண்டியலும் பார்க்க அழகு. ஆனால் உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. முதல் உண்டியலாக, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவை வையுங்கள். காசு மேலே ஏறுவது தெரிய வேண்டும். வாரம் ஒருமுறை, காசு எங்கே வரை வந்திருக்கிறதோ அங்கே டப்பாவின் வெளியில் பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். எண்ணத் தெரியாத குழந்தைக்குக்கூட அந்தக் கோடு புரியும்.

எங்கள் வீட்டில் ஆளுக்கு மூன்று டப்பாக்கள். ஒன்று இப்போது செலவழிக்க. ஒன்று சேர்த்து வைக்க. மூன்றாவது கொடுக்க. எதில் எத்தனை போடுவது என்று நாங்கள் சொல்வதில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு காசாவது போட வேண்டும் என்பது மட்டும்தான் விதி. கொடுப்பதற்கான டப்பாவைப் பற்றி நான் முதலில் தயங்கினேன். சின்னப் பிள்ளைகளுக்கு இது சுமையாக இருக்குமோ என்று. ஆனால் அந்த டப்பாவைத்தான் என் மகன் ரொம்ப ஆசையாகத் திறப்பான். யாருக்கு என்பதை அவனே தீர்மானிப்பான். காசு தன்னிடமிருந்து போவது இழப்பு மட்டும் இல்லை என்று அதில்தான் அவனுக்குத் தெரிந்தது.

சேமிக்கும் டப்பாவில் ஒரு படம் ஒட்டுங்கள். எதற்காகச் சேர்க்கிறோமோ அதன் படம், பிள்ளையே வரைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. இது வெறும் அலங்காரம் இல்லை. மிஷல் செய்த சோதனைகளில் தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் காத்திருக்கத் தவித்தார்கள். அதை மறைத்து வைத்தபோது சுலபமாகக் காத்திருந்தார்கள். ஆனால் 1973இல் அவரும் பெர்ட் மூரும் அசல் தின்பண்டத்துக்குப் பதிலாக அதன் படத்தைக் காட்டிப் பார்த்தபோது, குழந்தைகளால் இன்னும் அதிக நேரம் காத்திருக்க முடிந்தது. அசல் ஆசையைக் கிளப்பிவிடுகிறது, படம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று நினைவூட்டுகிறது. ஆகவே ஆசைப்பட்ட பொம்மை இருக்கும் கடைப்பக்கம் தினமும் கூட்டிப் போய்க் காட்டாதீர்கள். படம் டப்பாவில் இருக்கட்டும்.

முதல் இலக்கு ரொம்பச் சின்னதாக இருக்கட்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு அல்லது மூன்று வாரத்தில் எட்டக்கூடியது. ஏழு, எட்டு வயதில் இரண்டு மாதம் வரை போகலாம். சைக்கிள் மாதிரிப் பெரிய பொருளை முதல் இலக்காக வைப்பதுதான் நாங்கள் செய்த இன்னொரு தப்பு. டப்பா நிறைந்துகொண்டே இருந்தது, சைக்கிள் நெருங்கவே இல்லை, பிள்ளை சலித்துப்போய்விட்டாள். பெரிய பொருள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நீ இவ்வளவு சேர்த்தால் மீதியை நாங்கள் போடுகிறோம் என்று பேசி, பிள்ளையின் பங்கை எட்டக்கூடிய தூரத்தில் வையுங்கள்.

ஐந்தாம் படி: செலவழிக்க விடுவது

பெற்றோருக்கு இருப்பதிலேயே கஷ்டமான படி இது. செலவுக்கான டப்பாவில் இருக்கும் காசு பிள்ளையுடையது. ஆபத்தானது, வீட்டுக்குள் கூடாதது எது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதற்கு மேல் நாம் தலையிடக் கூடாது, கண்முன்னே வீணாகப் போனாலும்.

என் மகன் ஆறு வாரக் காசைக் கொடுத்து மின்விளக்கு எரியும் ஒரு பம்பரம் வாங்கினான். கையில் எடுத்தபோதே அது தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. "இது சீக்கிரம் உடையும் போலிருக்கிறதே, யோசித்துக்கொள்" என்று ஒரு முறை சொன்னேன். அவன் யோசிக்கவில்லை. மறுநாள் உடைந்தது. அவன் அழுத அழுகையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட எனக்குக் கை துடித்தது. வாங்கிக் கொடுக்கவில்லை. "அப்பவே சொன்னேனே" என்றும் சொல்லவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அடுத்த முறை கடையில் ஒரு பொம்மையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்து, சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, தானாகவே திருப்பி வைத்தான். அந்த ஆறு வாரக் காசில் நான் எந்த அறிவுரையைச் சொல்லி இதைக் கற்றுக்கொடுத்திருக்க முடியும்? சின்னக் காசில் நடக்கும் தப்பைச் சின்ன வயதிலேயே நடக்க விடுங்கள். காசு தீர்ந்தால் அடுத்த கிழமை வரை தீர்ந்ததுதான். இரக்கப்பட்டு நடுவில் நிரப்பினால், தீராத டப்பா என்று ஒன்று இருப்பதாகப் பிள்ளை நம்பிவிடும்.

கடையில் கேட்டு அழுவதற்கு ஒரு வழி: ஆசைகளுக்கென்று ஒரு நோட்டு. கேட்டதை மறுக்காமல், தேதியோடு அதில் எழுதுங்கள் அல்லது வரையச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பார்த்து, இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். பாதிக்கு மேல் பிள்ளையே கோடு போட்டு அடித்துவிடும். மிச்சமிருப்பதுதான் உண்மையான ஆசை, அதற்குச் சேமிக்கலாம்.

ஆறாம் படி: வீட்டு வட்டி

ஏழெட்டு வயதில், எண்ணிக்கை பழகிய பிறகு, இதைத் தொடங்கலாம். டப்பாவில் ஒரு மாதம் தொடாமல் இருக்கும் ஒவ்வொரு பத்துக் காசுக்கும் நீங்கள் ஒரு காசு போடுகிறீர்கள் என்று வையுங்கள். இருபது காசில் தொடங்கிய பிள்ளைக்கு முதல் மாதம் இரண்டு காசு கிடைக்கும், இருபத்திரண்டாகும். அடுத்த மாதமும் இரண்டு. வேறு எதுவும் போடாவிட்டால்கூட ஐந்தாவது மாத முடிவில் முப்பது ஆகிவிடும். ஆறாவது மாதத்திலிருந்து மூன்று காசு வரும். பத்தாவது மாதம் நான்கு. "நான் ஒன்றுமே போடவில்லையே, எப்படி அதிகமாகக் கொடுக்கிறாய்?" என்று பிள்ளை ஒருநாள் கேட்கும். அந்தக் கேள்வி வரும்வரை நீங்கள் விளக்காதீர்கள். வந்ததும் காசுகளைத் தரையில் பரப்பி, முதலில் போட்டதை ஒரு பக்கமும், வட்டியாக வந்ததை இன்னொரு பக்கமும் பிரித்துக் காட்டுங்கள். வட்டியாக வந்த பத்துக் காசும் சேர்ந்து இப்போது இன்னொரு காசைக் கொண்டுவருகிறது என்று அங்கே கண்ணுக்குத் தெரியும்.

வங்கிகள் இவ்வளவு தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். பத்து வயதுக்கு மேல் கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் 72 கணக்கைக் காட்டலாம். 72ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிக்க ஏறக்குறைய எத்தனை ஆண்டாகும் என்று தெரியும். ஆறு சதவீதம் என்றால் பன்னிரண்டு ஆண்டு. அப்போது தனக்கு என்ன வயதாகியிருக்கும் என்று பிள்ளை உடனே விரல்விட்டு எண்ணும், பாருங்கள்.

அப்புறம் வங்கி. அவசரப்பட வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு வங்கியில் போடுவதும் தொலைப்பதும் ஒன்றாகவே தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் வாங்கிக்கொள்கிறார், காசு போய்விடுகிறது. முதல் முறை சின்னத் தொகை ஒன்றைப் போட்டு, சில நாள் கழித்து அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக் காட்டுங்கள். நான் போட்ட அதே நோட்டு எங்கே என்று கேட்டால் சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி அது. நோட்டு வேறு, மதிப்பு ஒன்று என்பதை அங்கேதான் சொல்ல முடியும். அக்டோபர் 31 உலகச் சிக்கன நாள். 1924இல் இத்தாலியின் மிலான் நகரில் சேமிப்பு வங்கிகளின் முதல் சர்வதேச மாநாட்டில் தீர்மானிக்கப்பட்டது. சில நாடுகளில் வங்கிகளே அன்றைக்குக் குழந்தைகளை வரவேற்று உண்டியலைத் திறந்து கணக்கில் சேர்க்கின்றன. முதல் முறை வங்கிக்குக் கூட்டிப் போக நல்ல சாக்கு.

கையில் காசு குறைவாக இருக்கும் வீட்டில்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான். கைக்காசு கொடுக்கவே வழியில்லாத மாதங்கள் பல வீடுகளில் உண்டு. எங்களுக்கும் இருந்தது. அப்போது கைக்காசை நிறுத்தும்படி ஆனால், சத்தமில்லாமல் நிறுத்தாதீர்கள். உட்காரவைத்துச் சொல்லுங்கள். "இந்த மாதம் நம் வீட்டில் காசு குறைவாக இருக்கிறது. வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கிறது. மற்றதை இரண்டு மாதம் தள்ளி வைக்கிறோம்." எது இருக்கிறது என்று சேர்த்துச் சொல்வது முக்கியம். இல்லை என்பதை மட்டும் கேட்கும் குழந்தை, எல்லாமே இல்லாமல் போய்விடுமோ என்று ராத்திரி முழுக்க யோசிக்கும்.

காசு இருந்தும் வாங்கித் தர விருப்பமில்லாதபோது "காசு இல்லை" என்று சொல்லாதீர்கள். அடுத்த நிமிடம் உங்களுக்காக ஏதோ வாங்குவதைப் பிள்ளை பார்க்கும். "காசு இருக்கிறது, ஆனால் அதை இதற்காக வைத்திருக்கிறோம்" என்று சொன்னால், பெரியவர்களுக்கும் டப்பாக்கள் உண்டு என்று தெரிந்துகொள்ளும்.

டப்பா நிறைந்த நாளில்

இலக்கை எட்டிய அன்றைக்கே, முடியாவிட்டால் அடுத்த நாளே, கடைக்குப் போங்கள். தள்ளிப் போடாதீர்கள். காசைப் பிள்ளையே எண்ணி எடுத்துக்கொள்ளட்டும். கடையில் வரிசை நீளமாக இருந்தாலும், காசை எண்ணிக் கொடுக்க நேரமானாலும், பின்னால் நிற்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையிடமிருந்து காசை வாங்கி நீங்கள் நீட்டிவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் டப்பாவிலிருந்து பழைய படத்தை எடுத்து, ஆசை நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒட்டுங்கள். டப்பாவைக் கழுவித் துடைத்து, பழைய கோடுகளை அழிக்காமல், வேறு நிறப் பேனாவை அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த படத்தை என்றைக்கு வரைவது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.